சோலார் வந்த முகாமில் விறகு ஏன் தீரவில்லை?

அகதிகள் முகாம்களைப் பற்றி இரண்டு வகைச் செய்திகள் மாறி மாறி வருகின்றன. ஒன்றில் பாலைவனத்தின் நடுவே கண்ணுக்கு எட்டிய வரை சோலார் பலகைகள், ரிப்பன் வெட்டும் அதிகாரிகள். இன்னொன்றில் தலையில் விறகுக் கட்டோடு மைல் கணக்கில் நடக்கும் பெண்கள். இரண்டையும் படிப்பவருக்குக் குழப்பம் வருவது இயல்புதான்: கரண்ட் வந்துவிட்டது என்கிறார்கள், அப்புறம் எதற்கு விறகு?

விளக்கும் அடுப்பும் இரண்டு தனித்தனிப் பிரச்சினைகள். ஒன்றுக்கு வரும் தீர்வு மற்றொன்றைத் தொடுவதே இல்லை. இரண்டுக்கும் பின்னால் "தற்காலிகம்" என்ற ஒரே சொல் நிற்கிறது. அந்தச் சொல் எப்படி ஒரு குடும்பத்தின் அடுப்பு வரை வந்து சேர்கிறது என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

முகாமில் எரிசக்தி எதற்கெல்லாம் வேண்டும்

போர், வன்முறை, அடக்குமுறை காரணமாக வீட்டை விட்டு ஓட வேண்டி வந்தவர்கள் 2024 முடிவில் உலகம் முழுக்க 12.32 கோடிப் பேர். இவர்களில் பெரும்பாலோர் நகரங்களிலும் கிராமங்களிலும் வாடகைக்கோ உறவினரோடோ இருக்கிறார்கள், முகாம்களில் இருப்பவர்கள் ஒரு பகுதிதான். ஆனால் முகாமில் இருப்பவர்களின் நிலைமை மிக மோசம். ஐ.நா.வோடு இணைந்த உலகளாவிய செயல்பாட்டு மேடை 2022-ல் வெளியிட்ட அறிக்கைப்படி, முகாம்வாசிகளில் 94 சதவீதம் பேருக்குச் சரியான மின்சாரம் கிடையாது, 81 சதவீதம் பேர் சமைப்பது விறகிலும் கரியிலும்தான்.

அவர்களுடைய தேவைகளை நான்காகப் பிரித்துக்கொண்டால் மற்றது புரியும்.

1. அடுப்பு. ஒரு குடும்பம் செலவிடும் எரிசக்தியில் மிகப் பெரிய பங்கு சமையலுக்குத்தான் போகிறது. மற்ற எல்லாவற்றையும் கூட்டினாலும் இதன் பக்கத்தில் வராது.
2. விளக்கும் போனும். அளவில் சின்னத் தேவை. ஆனால் இருட்டில் கழிப்பறைக்குப் போக வேண்டிய பெண்ணுக்கும், ஊரில் விட்டுவந்த அம்மாவின் குரலைக் கேட்கக் காத்திருப்பவருக்கும் அது சின்னதில்லை.
3. பொதுச் சேவை. ஆழ்துளைக் கிணற்றுப் பம்பு, ஆஸ்பத்திரி, தடுப்பூசி வைக்கும் குளிர்பெட்டி, அலுவலகம். பெரும்பாலான முகாம்களில் இவற்றை ஓட்டுவது டீசல் ஜெனரேட்டர்.
4. பிழைப்பு. மாவு மில், தையல் மெஷின், வெல்டிங் பட்டறை, குளிர்பானம் விற்கும் கடை.

"மின்சாரம் கிடைத்தது" என்ற சொல்லையும் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். மின்சார வசதியை அளக்க உலக வங்கி 0 முதல் 5 வரை படிகள் வைத்திருக்கிறது. முதல் படிக்கு நாளுக்கு நான்கு மணி நேரம், 12 வாட்-மணி இருந்தால் போதும். நம் மின் கட்டணக் கணக்கில் ஒரு யூனிட் என்பது 1,000 வாட்-மணி, ஆக முதல் படியில் இருக்கும் குடும்பம் ஒரு யூனிட்டைச் செலவழிக்க 83 நாள் ஆகும். ஒரு பல்பு, ஒரு போன் சார்ஜ், அவ்வளவுதான். அதே குடும்பம் மின்னடுப்பில் சமைக்க வேண்டுமானால் நாளுக்கே ஒரு யூனிட்டாவது வேண்டும். எண்பது மடங்குக்கும் மேலான இடைவெளி இது. சோலார் விளக்கு தந்த முகாமில் விறகு ஏன் எரிகிறது என்ற கேள்விக்குப் பாதிப் பதில் இந்தக் கணக்கிலேயே இருக்கிறது.

அரிசி வரும், எரிக்க ஒன்றும் வராது

நிவாரண உணவு என்பது பெரும்பாலும் உலர்ந்த பொருள். அரிசி, மக்காச்சோளம், மாவு, பயறு, எண்ணெய். கெடாது, லாரியில் ஏற்றலாம், எடை போட்டுக் கொடுக்கலாம். ஆனால் வேகவைக்காமல் இதில் எண்ணெயைத் தவிர எதையும் வாயில் வைக்க முடியாது. காய்ந்த பயறு வகைகள் ஊறவைக்காமல் போட்டால் இரண்டு, மூன்று மணி நேரம் கொதிக்க வேண்டும். அதற்கான எரிபொருளைத் தருவது பல முகாம்களில் யாருடைய பொறுப்பாகவும் இருந்ததில்லை.

இதன் விளைவுகள் வீட்டுக்குள் நடப்பவை, எந்தப் படத்திலும் வராதவை. ரேஷனில் ஒரு பகுதியை விற்று அந்தக் காசில் விறகு வாங்குகிறார்கள், அதாவது சாப்பாட்டை விற்றுச் சாப்பாட்டைச் சமைக்கிறார்கள். சத்துள்ள பயறை விட்டுவிட்டுச் சீக்கிரம் வேகும் மாவைக் கிண்டுகிறார்கள். மூன்று வேளை இரண்டாகிறது, இரண்டு ஒன்றாகிறது. குடிதண்ணீரைக் காய்ச்சும் பழக்கம் முதலில் நிற்கிறது.

மூன்று கல் அடுப்பில் விறகின் சூட்டில் பத்து, பதினைந்து சதவீதம்தான் பாத்திரத்துக்குப் போகிறது, மிச்சம் காற்றோடு போகிறது, புகையாகப் போகிறது. அந்தப் புகை தார்ப்பாய்க் குடிசைக்குள் நிற்கும்போது அதைச் சுவாசிப்பவர்கள் சமைக்கும் பெண்ணும் அவள் இடுப்பில் இருக்கும் குழந்தையும். லண்டனில் உள்ள சாத்தம் ஹவுஸ் 2015-ல் வெளியிட்ட ஆய்வு, இடம்பெயர்ந்தோர் மத்தியில் இந்த வீட்டுப் புகையால் ஆண்டுக்குச் சுமார் 20,000 பேர் அகால மரணம் அடைவதாகக் கணக்கிட்டது. அதே ஆய்வில், முகாம்களில் இருக்கும் ஐந்து பேர் கொண்ட குடும்பம் ஆண்டுக்குக் குறைந்தது 200 டாலரை எரிசக்திக்காகச் செலவிடுகிறது என்றும், உலக அளவில் இது ஆண்டுக்கு 210 கோடி டாலர் ஆகிறது என்றும் வந்தது. பெரும்பாலும் வேலை செய்ய அனுமதி இல்லாத மக்களின் கைக்காசு இது. ஏழைகள் என்றால் செலவு குறைவு என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். கிடைக்கும் வெளிச்சத்தோடும் சூட்டோடும் ஒப்பிட்டால் அவர்கள்தான் அதிக விலை கொடுக்கிறார்கள்.

விறகுக்குப் போகும் வழி

முகாமைச் சுற்றியுள்ள மரங்கள் தீரத் தீர, நடக்கும் தூரம் கூடுகிறது. போகிறவர்கள் பெண்களும் சிறுமிகளும். அந்த ஊர்க்காரர்களுக்கும் அதே மரம்தான் அடுப்புக்கும் ஆட்டுக்கும். சண்டை வராமல் என்ன செய்யும்?

கென்யாவின் தடாப் முகாம்கள் 1991-ல் சோமாலியாவிலிருந்து ஓடி வந்தவர்களுக்காகத் தொடங்கியவை. விறகுக்குப் போகும் பெண்கள் பாலியல் வன்முறைக்கு ஆளாவது அங்கே தொடர்கதையானதால், 1998-ல் விறகை முகாமிலேயே விநியோகிக்கும் திட்டம் ஒன்று தொடங்கப்பட்டது. 2001-ல் அதை மதிப்பிட்டபோது கிடைத்த முடிவை இந்தத் துறையில் இருப்பவர்கள் இன்றும் மறக்கவில்லை. வீட்டில் விறகு போதுமான அளவு இருந்த நாட்களில், விறகு பொறுக்கும்போது நடக்கும் வன்முறை 45 சதவீதம் குறைந்திருந்தது. ஆனால் வேறு இடங்களில், வேறு நேரங்களில் நடக்கும் வன்முறை கூடியிருந்தது.

திட்டம் வீண் என்று இதைப் படித்துவிடக் கூடாது. வழியில் நடந்த கொடுமை உண்மையிலேயே குறைந்தது, அது ஆயிரக்கணக்கான பெண்களின் வாழ்க்கை. ஆனால் வன்முறைக்குக் காரணம் விறகு இல்லை. காவல் இல்லாத இடத்தில் தண்டனைக்கு அஞ்சாத ஆண்கள் இருந்தார்கள் என்பதே காரணம். விறகு அவர்களுக்கு வாய்ப்பைக் கொடுத்தது, அதை அடைத்ததும் வேறு வழி தேடினார்கள். அடுப்பு கொடுத்தால் பெண்கள் பாதுகாப்பாகிவிடுவார்கள் என்று எழுதும் நிதி விண்ணப்பங்கள் இந்த இடத்தைத் தாண்டி ஓடிவிடுகின்றன.

சூடானின் டார்ஃபூரில் கதை வேறு மாதிரிப் போனது. இந்தியாவில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றும் விஞ்ஞானி அசோக் காட்கில் 2005-ல் அங்கே போய், பெண்கள் எந்தப் பாத்திரத்தில் என்ன கிண்டுகிறார்கள் என்று பார்த்து, அதற்கேற்ற தகர அடுப்பை உருவாக்கும் குழுவை நடத்தினார். பெர்க்லி-டார்ஃபூர் அடுப்பு என்று பெயர். மூன்று கல் அடுப்புக்கு வேண்டிய விறகில் ஏறத்தாழப் பாதி போதும். விறகு பாதியானால் விறகுக்கான நடையும் பாதியாகிறது. கெட்டியான களியை இரண்டு கையாலும் அழுத்திக் கிண்டும்போது அடுப்பு சாயாமல் நிற்க வேண்டும் என்பதையும் யோசித்துச் செய்ததால்தான் அது புழக்கத்துக்கு வந்தது. சமைப்பவரிடம் கேட்காமல் செய்த அடுப்புகள் பல முகாம்களில் மூலையில் துருப்பிடித்துக் கிடக்கின்றன.

ஜோர்டானின் இரண்டு முகாம்கள்: சோலார் உண்மையில் என்ன செய்தது

சிரியப் போரிலிருந்து வந்தவர்களுக்காக ஜாத்தாரி முகாம் 2012 ஜூலையில் திறந்தது. மின்சாரம் தெருவிளக்குக்கும் அலுவலகங்களுக்கும் மட்டும்தான் திட்டமிடப்பட்டிருந்தது. வந்தவர்களில் எலக்ட்ரீஷியன்கள் இருந்தார்கள், தெருவிளக்குக் கம்பத்திலிருந்து கொக்கி போட்டு வீடு வீடாக, கடை கடையாக வயர் இழுத்தார்கள். முகாமின் புகழ்பெற்ற கடைத்தெரு அந்த மின்சாரத்தில்தான் வளர்ந்தது. மழைக்காலத்தில் ஷாக் அடித்தது, தீப்பிடித்தது. பில் மட்டும் ஐ.நா. அகதிகள் ஆணையத்துக்குப் போனது, மாதம் சுமார் 5 லட்சம் டாலர். இதைத் திருட்டு என்று சிலர் எழுதினார்கள். கண்ணெதிரே கம்பி போகும்போது, கைக்குழந்தையோடு இருட்டில் உட்கார்ந்திருக்க யாரால் முடியும்?

பிறகு நடந்தது இது. வயரிங் முறைப்படுத்தப்பட்டது. 2017 நவம்பரில், ஜெர்மனி தந்த 1.5 கோடி யூரோவில் 12.9 மெகாவாட் சோலார் நிலையம் திறக்கப்பட்டது. வீடுகளுக்கு நாளுக்கு 8 மணி நேரமாக இருந்த மின்சாரத்தை 14 மணி நேரம் வரை நீட்டிக்க அது வழி செய்தது. ஆண்டுக்கு 50 லட்சம் டாலர் மிச்சமாகும் என்றார்கள்.

பகல் முழுக்க வெயில் அடிக்கிறது, ஆனாலும் 24 மணி நேரமும் மின்சாரம் ஏன் இல்லை என்று பலர் கேட்கிறார்கள். அந்த நிலையம் முகாமின் பல்புகளோடு நேராக இணைக்கப்பட்டதில்லை. பகலில் உற்பத்தியாவது ஜோர்டானின் தேசிய மின்வலைக்குப் போகிறது, முகாம் தன் நேரத்துக்கு அதே மின்வலையிலிருந்து எடுத்துக்கொள்கிறது. கொடுத்ததும் எடுத்ததும் பில்லில் கழிக்கப்படுகிறது. எனவே சோலார் நிலையம் குறைப்பது முதலில் பில்லை. எத்தனை மணி நேரம் மின்சாரம் என்பதை முடிவு செய்வது அந்தக் கணக்கில் எவ்வளவு மிஞ்சுகிறது என்பதுதான்.

அஸ்ராக் இதற்கு நேர்மாறு. 2014 ஏப்ரலில் திறந்தபோதே திட்டமிட்டுக் கட்டிய முகாம், ஆனால் வீடுகளில் மின்சாரம் இல்லை, கொக்கி போடக் கம்பியும் இல்லை. கொடும் வெயிலில் ஒரு மின்விசிறிகூட ஓடாமல் மூன்று ஆண்டுகள் போயின. 2017 மே மாதம் ஐகியா அறக்கட்டளையின் நிதியில் 2 மெகாவாட் நிலையம் வந்து, முதலில் சுமார் 20,000 பேருக்கு மின்சாரம் கிடைத்தது. ஐம்பதுக்கும் மேற்பட்ட அகதிகள் பயிற்சி பெற்று அதைக் கட்டும் வேலையில் இருந்தார்கள். புதுப்பிக்கத்தக்க ஆற்றலில் ஓடும் முதல் அகதி முகாம் என்று உலகம் கொண்டாடியது அதைத்தான்.

இரண்டிலும் சமையல் முக்கியமாக கேஸில் நடக்கிறது. ஜோர்டானில் சிலிண்டர் சந்தை ஏற்கெனவே இருந்தது, மின்வலை பக்கத்தில் இருந்தது, பெரிய நாடுகளின் கண் சிரியா மேல் இருந்தது. தடாப்புக்கு இந்த மூன்றுமே வாய்க்கவில்லை. அதனால் ஜாத்தாரியைக் காட்டி "இதோ தீர்வு" என்று சொல்பவர்களை நான் ஏற்பதில்லை.

காக்ஸ் பஜார்: காட்டைக் காப்பாற்றிய சிலிண்டர்

2017 ஆகஸ்ட் 25-க்குப் பிறகு சில மாதங்களில் மியான்மரிலிருந்து ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட ரோஹிங்யாக்கள் வங்கதேசத்தின் காக்ஸ் பஜாருக்கு வந்தார்கள். குடியேறியது காட்டு நிலத்தில், யானைகள் போய் வரும் பாதையில். குடும்பத்துக்கு நாளுக்கு 4 கிலோ விறகு என்று குறைத்தே வைப்போம், 1.5 லட்சம் குடும்பம் என்று வைப்போம், ஒரு நாளுக்கு 600 டன். எந்தக் காடு தாங்கும்? மரம் முடிந்த இடத்தில் வேரைத் தோண்டினார்கள். வேர் போனதும் மலைச்சரிவு மழையில் இறங்கியது. பாதை அடைபட்ட யானைகள் முகாமுக்குள் வந்து பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

2018-லிருந்து உலக உணவுத் திட்டம், உணவு மற்றும் விவசாய அமைப்பு, புலம்பெயர்வு அமைப்பு, அகதிகள் ஆணையம் எல்லாம் சேர்ந்து கேஸ் அடுப்பும் சிலிண்டரும் கொடுக்கத் தொடங்கின. பக்கத்து ஊர் வங்கதேசக் குடும்பங்கள் பலவற்றுக்கும் கொடுத்தார்கள், அதை நல்ல முடிவு என்றே சொல்ல வேண்டும். விறகுத் தேவை 80 சதவீதம் அளவுக்கு விழுந்தது. மரம் நட்டார்கள், மொட்டைக் குன்றுகள் மறுபடி பச்சையாயின. முகாம் எரிசக்தியில் இவ்வளவு வேகமாக, இவ்வளவு பெரிய அளவில் வேலை செய்த திட்டம் வேறொன்றை எனக்குச் சொல்லத் தெரியவில்லை. சூரியனும் இல்லாமல், புதுக் கண்டுபிடிப்பும் இல்லாமல், நம் வீட்டில் இருக்கும் அதே கேஸ் செய்த வேலை அது.

இதன் பலவீனங்களையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

1. தீ. மூங்கில், தார்ப்பாய், நெருக்கமான குடிசைகள், நடுவே சிலிண்டர். 2021 மார்ச் 22-ல் பலுகாலி பகுதியில் பிடித்த தீயில் குறைந்தது 15 பேர் இறந்தார்கள், சுமார் 45,000 பேர் வீடிழந்தார்கள். எரியும் வீடுகளில் சிலிண்டர்கள் வெடித்தது தீயணைப்பை இன்னும் கடினமாக்கியது. நிரந்தரக் கட்டடம் கட்ட வங்கதேசம் அனுமதிக்காததால் செங்கல் சுவர் என்ற எளிய பாதுகாப்புகூட அங்கே இல்லை.
2. பணம். சோலார் பலகையை ஒருமுறை வாங்கினால் இருபது ஆண்டு. சிலிண்டரை மாதா மாதம் நிரப்ப வேண்டும். நன்கொடை நின்றால் அந்த மாதமே அடுப்பு அணையும். பயறை ஊறவைத்துச் சமைப்பதும், நிவாரண அமைப்புகள் சில குடும்பங்களுக்குத் தந்த பிரஷர் குக்கரும் சிலிண்டரை இன்னும் சில நாட்கள் இழுத்தன, அவ்வளவுதான். 2025 ஜூலையில் அகதிகள் ஆணையம் வெளிப்படையாகவே எச்சரித்தது: புதிதாகப் பணம் வராவிட்டால் செப்டம்பருக்குள் சமையல் கேஸ் தீர்ந்துவிடும். முந்தைய ஒன்றரை ஆண்டில் இன்னும் ஒன்றரை லட்சம் பேர் எல்லை தாண்டி வந்திருந்த நேரம் அது.

கேஸ் நின்றால் என்ன ஆகும் என்று ஊகிக்க வேண்டியதில்லை. அந்தக் குன்றுகளில் இப்போது நிற்பவை ஏழெட்டு வயது மரங்கள்.

"தற்காலிகம்" என்ற சொல்

தடாப் 1991. கென்யாவின் இன்னொரு முகாமான கக்குமா 1992. ஜாத்தாரி 2012. தற்காலிகம் என்று சொல்லித் தொடங்கிய இடங்களின் வயது இது. ஆனாலும் ஒவ்வோர் ஆண்டும் பட்ஜெட் அடுத்த ஆண்டுக்கு மட்டும்தான் போடப்படுகிறது, அது எரிசக்தியை மூன்று விதமாக அடிக்கிறது.

1. முதலீடு நடப்பதில்லை. சோலார் பம்பு வாங்கினால் டீசல் செலவில் சில ஆண்டுகளில் காசு திரும்பிவிடும். ஆனால் கையில் ஓர் ஆண்டுப் பணம்தான் இருக்கும் அமைப்பு டீசலைத்தான் வாங்கும், ஆண்டுக்கு ஆண்டு வாங்கும். முப்பது ஆண்டு டீசல் பில்லைக் கூட்டிப் பார்த்தால் நெஞ்சு கொதிக்கிறது.
2. பொறுப்பு இல்லை. 2005-ல் ஐ.நா. நிவாரணப் பணிகளைத் துறை துறையாகப் பிரித்தார்கள்: தண்ணீர், சுகாதாரம், உணவு, தங்குமிடம், கல்வி, இப்படி. எரிசக்திக்கு ஒரு துறை வைக்கவில்லை. எல்லாத் துறைக்கும் அது வேண்டும், எந்தத் துறையும் அதற்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை.
3. இடம் தரும் நாட்டின் அச்சம். கம்பம் நட்டால், மீட்டர் மாட்டினால், இவர்கள் இங்கேயே தங்கிவிடுவார்கள் என்ற பயம். ஏழை நாடு ஒன்று தன் சொந்த கிராமங்களுக்கே மின்சாரம் தராதபோது அகதிக்குத் தருவது அரசியலில் கடினம் என்பதும் நியாயமான தயக்கம். ஆனால் வேலை செய்ய விடாமல், நடமாட விடாமல், கம்பமும் நடாமல் வைத்தால் அந்தப் பயம் சேதமாக இறங்குவது அதே கிராமத்தின் காட்டில்தான்.

2019 டிசம்பரில் நடந்த உலக அகதிகள் மாநாட்டில், 2030-க்குள் எல்லா முகாம்களுக்கும் சுற்றியுள்ள ஊர்களுக்கும் கட்டுப்படியாகும் சுத்தமான எரிசக்தி என்ற இலக்கு அறிவிக்கப்பட்டது. இலக்கு இருக்கிறது, அதற்கென்று கட்டாய நிதி இல்லை.

காசு கொடுத்து வாங்குபவர்களும் இருக்கிறார்கள்

கக்குமாவில் அகதிகளே டீசல் ஜெனரேட்டர் வாங்கி, தெருவில் உள்ள கடைகளுக்கு வயர் இழுத்து மாத வாடகைக்கு மின்சாரம் விற்று வந்தார்கள். உலக வங்கிக் குழுமத்தைச் சேர்ந்த சர்வதேச நிதிக் கழகம் 2018-ல் அந்தப் பகுதிப் பொருளாதாரத்தை ஆண்டுக்கு 5.6 கோடி டாலர் என்று மதிப்பிட்டது, கடைகள் மட்டும் இரண்டாயிரத்துக்கு மேல். பக்கத்தில் உருவான கலோபெயே குடியிருப்பில் சோலார் மினி கிரிட் ஓடுகிறது. மினி கிரிட் என்றால் தேசிய மின்வலையோடு சேராமல் ஓர் ஊருக்கு மட்டும் மின்சாரம் தரும் சிறு நிலையம், பேட்டரியோடு. போனில் முன்பணம் கட்டி யூனிட் வாங்கிக்கொள்கிறார்கள்.

கடைக்காரருக்கு இது நல்லது. கணவனை இழந்து ரேஷனை நம்பி இருக்கும் பெண்ணுக்கு முன்பணம் ஏது? அதே சமயம் எல்லாருக்கும் இலவச சோலார் விளக்கைக் கொட்டினால் விளக்கு விற்றும் பழுது பார்த்தும் பிழைத்த கடை மூடிவிடும், ஓரிரண்டு ஆண்டில் விளக்கு கெட்டதும் சரி செய்ய ஆளிருக்காது. கையில் காசாகக் கொடுத்து, வாங்குவதை அவரவர் விருப்பத்துக்கு விடுவது இரண்டுக்கும் நடுவில் இருக்கும் வழி. எனக்கு அதுதான் சரியாகப் படுகிறது, சந்தை உள்ள இடங்களில்.

கக்குமாவிலும் அடுப்பு விறகில்தான். அங்கே எரியும் விறகில் பெரும்பகுதி நமக்கு நன்றாகத் தெரிந்த மரம்: சீமைக்கருவேலம். கென்யாவில் அதை மதெங்கே என்பார்கள். எத்தியோப்பியாவின் டோலோ அடோ முகாம்களில் அகதிகளும் ஊர்க்காரர்களும் சேர்ந்த கூட்டுறவுகள் இந்த மரத்தை வெட்டி எரிகட்டியாக்கி விற்கின்றன. பரவி நிலத்தைக் கெடுக்கும் மரம் குறைகிறது, நாட்டு மரம் தப்பிக்கிறது, இரு தரப்புக்கும் வருமானம். புகை பிரச்சினை மட்டும் அப்படியே இருக்கிறது.

நம் பக்கத்து முகாம்கள்

சீமைக்கருவேலம் மண்டிய ராமநாதபுரத்தில்தான் மண்டபம் முகாம் இருக்கிறது. 1983-க்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த தமிழர்களில் சுமார் 58,000 பேர் இன்னும் தமிழ்நாட்டின் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் இருக்கிறார்கள். தடாப்போடு ஒப்பிட்டால் இவர்கள் ஊருக்குப் பக்கத்தில், மின்கம்பிக்குப் பக்கத்தில் இருப்பவர்கள், தொழில்நுட்பம் இங்கே ஒரு தடையே இல்லை. 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு 317.40 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றை அறிவித்தது. பழுதான 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டித் தருவது, முகாம் குடும்பங்களுக்கு இலவச கேஸ் இணைப்பும் அடுப்பும், ஆண்டுக்கு ஐந்து சிலிண்டருக்குத் தலா 400 ரூபாய் மானியம் ஆகியவை அதில் இருந்தன. அதே சமயத்தில்தான் அகதிகள் முகாம் என்ற பெயர் மறுவாழ்வு முகாம் என்று மாறியது. முதல் படகுகள் வந்து 38 ஆண்டுகள் கழித்து.